கம்யூனிச ஆட்சிகள் வீழ்ந்தபின் அறிவுஜீவிகளும் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989ஆம் ஆண்டு போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி முதலிய நாடுகளில் ஒரு கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தபோது, வரலாற்றாசிரியர்களும் நாடகாசிரியர்களும் தத்துவப் பேராசிரியர்களும் அமைச்சர்களாகவும் குடியரசுத் தலைவர்களாகவும் ஆனார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர்களில் பலரை அதே மக்கள் வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் இதில் கூடுதல் இடம் பெறுகின்றன.

எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் ஆட்சிக்கு வந்தது எப்படி? அது தற்செயலா?

தற்செயல் அன்று. ஒரு கட்சி ஆட்சியில் எதிர்க்கட்சி இல்லை, சுதந்திரமான தொழிற்சங்கம் இல்லை, தணிக்கைக்கு உட்படாத பத்திரிகையும் இல்லை. அரசியல்வாதி ஒருவர் வளர்ந்து வருவதற்கான வழிகள் யாவும் அடைபட்டிருந்த நிலையில், எழுதத் தெரிந்தவர்களும் எழுதியதற்காகச் சிறை செல்லத் துணிந்தவர்களுமே எதிர்க்கட்சியாக நின்றார்கள்.

இதற்கு ஒரு பழைய மரபும் உண்டு. 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அக்காலத்தில் நாட்டின் நினைவைக் காத்தவர்கள் கவிஞர்களும் வரலாற்றாசிரியர்களுமே. 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான தோமாஷ் மசாரிக் ஒரு தத்துவப் பேராசிரியர். எனவே 1989இல் நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெல் பிராகு நகரில் குடியரசுத் தலைவரானதும், பத்திரிகை ஆசிரியர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கி வார்சாவில் பிரதமரானதும் அந்த மக்களுக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. ஹங்கேரியில் மொழிபெயர்ப்பாளர் ஆர்பாட் கென்ஸ், பல்கேரியாவில் தத்துவவாதி ஜெலியு ஜெலெவ், லிதுவேனியாவில் இசை வரலாற்றாசிரியர் விதாவ்தாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ் என்று இந்த வரிசை நீளமானது.

பதவிக்கு வருமுன் இவர்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அறிக்கைகள் மட்டும்தானா?

அறிக்கைகளும் இருந்தன; ஆனால் போலந்தில் நடந்தது அதைவிடப் பெரிது. 1976 ஜூன் மாதம் அரசு உணவுப் பொருள்களின் விலையை உயர்த்தியபோது, ராடோம் நகரிலும் உர்சுஸ் டிராக்டர் ஆலையிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிடிபட்டவர்களைத் தடியேந்திய காவலர்கள் இரு வரிசைகளாக நின்று, நடுவே ஓடவிட்டு அடித்தார்கள். வேலை பறிபோன குடும்பங்களுக்கு உதவ அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் நீதிமன்றங்களில் போய் அமர்ந்து விசாரணைகளைக் குறித்துக்கொண்டார்கள்; வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தார்கள்; பணம் திரட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் மறைக்காமல் அச்சிட்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒற்றர்களால் நிறைந்த ஒரு நாட்டில் இரகசியமாக இயங்குவதைவிட வெளிப்படையாக இயங்குவதே பாதுகாப்பு என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். குழுவின் தூண்களில் ஒருவரான யாசெக் குரோனின் வீட்டுத் தொலைபேசிதான் 1980ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின்போது நாடு முழுவதற்கும் செய்தி நிலையமாக இருந்தது.

அந்த ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் லெக் வலேசா தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மசோவியெட்ஸ்கியும் இடைக்கால வரலாற்று ஆய்வாளர் ப்ரோனிஸ்வாஃப் கெரெமெக்கும் வார்சாவிலிருந்து ஆதரவுக் கடிதத்தோடு அங்கே சென்று, பேச்சுவார்த்தைக்கு ஆலோசகர்களாகத் தங்கிவிட்டார்கள். சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்கம் பிறந்தது அங்கேதான். தொழிலாளிக்கும் படித்தவருக்கும் இடையே அப்படி ஒரு கூட்டு வேறு எந்த கிழக்கு ஐரோப்பிய நாட்டிலும் அமையவில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவில் வட்டம் சிறியது. 1977 ஜனவரியில், அரசு தானே கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தங்களை மதிக்கக் கோரி ‘சாசனம் 77’ வெளியானது. அதன் முதல் மூன்று பேச்சாளர்களில் ஒருவரான தத்துவவாதி யான் பட்டோச்கா, நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் மார்ச் மாதம் மருத்துவமனையில் இறந்தார். கையெழுத்திட்டவர்கள் வேலையை இழந்தார்கள். பத்திரிகையாளரான யிரி டீன்ஸ்ட்பியர் கொதிகலனுக்கு எரிபொருள் போடும் வேலையில் இருந்து, அங்கிருந்து நேராக நாட்டின் வெளியுறவு அமைச்சர் பதவிக்கு வந்தார். அவர்களுடைய எழுத்துகள் தட்டச்சுப் பொறியில், மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள் வைத்து, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு படிகளாக எடுக்கப்பட்டுக் கைமாறின. கடைசிப் படியில் எழுத்து ஏறக்குறைய நிழலாகத்தான் தெரியும்.

‘அரசியலுக்கு எதிரான அரசியல்’ என்று இவர்கள் சொன்னதன் பொருள் என்ன?

ஆட்சியைப் பிடிக்க முயலாமல், பொய்யில் பங்கெடுக்க மறுப்பதையே அரசியலாகக் கொள்வது. 1978இல் ஹாவெல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். ‘உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்’ என்ற பலகையை அவர் தம் கடையின் கண்ணாடிச் சன்னலில் வைக்கிறார். அதை அவரும் நம்பவில்லை, பார்ப்பவரும் படிப்பதில்லை. நான் அடங்கி நடப்பவன், என்னை விட்டுவிடுங்கள் என்பதே அந்தப் பலகை சொல்லும் செய்தி. அவர் ஒருநாள் அந்தப் பலகையை வைக்க மறுத்தால் ஆட்சியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது என்பது ஹாவெலின் வாதம்.

சர்வாதிகாரத்தின் கீழ் இதைவிடக் கூர்மையான அரசியல் பார்வை இருக்க முடியாது என்பதே என் எண்ணம். ஆனால் ஆட்சி கைக்கு வந்த மறுநாள் அது போதாமல் போனது. வரவுசெலவுத் திட்டத்தில் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு, சுரங்கத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு பொய்யை மறுத்து உண்மையோடு வாழ்வது என்ற ஒழுக்கநெறி விடை தருவதில்லை. இரு நேர்மையான மனிதர்கள் அதில் எதிரெதிர் முடிவுகளுக்கு வரலாம். அந்த வேறுபாட்டை ஒழுங்குபடுத்தவே கட்சிகள் இருக்கின்றன.

போலந்தில் ஆட்சி எப்படிக் கைமாறியது?

பேச்சுவார்த்தையால். 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை அரசுக்கும் சாலிடாரிட்டிக்கும் இடையே நடந்த வட்டமேசை மாநாட்டில், கீழவையின் 35 சதவீத இடங்களுக்கும் புதிய மேலவையின் எல்லா இடங்களுக்கும் சுதந்திரப் போட்டி என்று முடிவானது. ஜூன் 4 தேர்தலின் முடிவில் கீழவையில் போட்டிக்கு விடப்பட்ட 161 இடங்களையும், மேலவையின் 100 இடங்களில் 99ஐயும் சாலிடாரிட்டி வென்றது. அப்போது இரண்டே மாத வயதாகியிருந்த ஒரு புதிய நாளேட்டின் ஆசிரியரும், முன்னர் தொழிலாளர் பாதுகாப்புக் குழுவில் இயங்கியவருமான ஆதாம் மிக்னிக், குடியரசுத் தலைவர் உங்களவர், பிரதமர் எங்களவர் என்ற யோசனையைத் தலைப்பிலேயே வைத்து எழுதினார். ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி குடியரசுத் தலைவரானார். ஆகஸ்ட் 24 அன்று மசோவியெட்ஸ்கி பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

செப்டம்பர் 12 அன்று அமைச்சரவையை முன்வைத்து நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பல வாரத் தூக்கமின்மையால் அவருக்கு மயக்கம் வந்து பேச்சு நின்றது. சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், போலந்தின் பொருளாதாரம் இருக்கும் நிலைக்கே தாமும் வந்துவிட்டதாகவும், தாம் தேறிவிட்டதுபோல் அதுவும் தேறும் என்றும் சொன்னார். அவை எழுந்து கைதட்டியது.

ஹாவெல்?

1989 ஜனவரியில் கைதாகி, மே மாதம் விடுதலையான ஹாவெல், அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று குடியரசுத் தலைவரானார். நவம்பர் 17 அன்று மாணவர் ஊர்வலத்தைப் போலீசார் அடித்துக் கலைத்த இரண்டு நாளில் ‘குடிமக்கள் மன்றம்’ என்ற எதிர்ப்பியக்கம் ஒரு நாடக அரங்கில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு இன்னொரு நாடக அரங்கின் ஒப்பனை அறைகளிலும் மேடையிலும்தான் புரட்சியின் தலைமையகம் இயங்கியது. நடிகர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அரங்குகள் காலியாக இருந்தன என்பது எளிய காரணம். அவரைத் தேர்ந்தெடுத்தது கம்யூனிஸ்டுப் பெரும்பான்மை கொண்ட பழைய நாடாளுமன்றமே.

1990 புத்தாண்டு உரையில், நம் நாடு செழிப்பாக இல்லை என்று அவர் தொடக்கத்திலேயே சொன்னார். நாற்பது ஆண்டுகளாக அதே நாளில் நாடு செழிக்கிறது என்றே ஆட்சியாளர்கள் சொல்லி வந்தார்கள். நானும் பொய் சொல்லவேண்டும் என்பதற்காக நீங்கள் என்னை இந்தப் பதவிக்கு முன்மொழியவில்லை என்று நினைக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசினார். அறிவுஜீவி பதவிக்கு வருவதால் ஒரு நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய பயன் என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த உரையைத்தான்.

பிறகு ஏன் இவ்வளவு விரைவில் தோற்றார்கள்?

போலந்தின் கணக்கு கடுமையானது. 1990 ஜனவரி 1 முதல் நிதியமைச்சர் லெஷெக் பல்செரோவிச்சின் திட்டப்படி விலைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. அந்த ஒரே மாதத்தில் விலைகள் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்தன. வேலையின்மை என்பதையே அறியாதிருந்த நாட்டில் ஆண்டு இறுதிக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையற்றோர் பட்டியலில் இருந்தார்கள். கடைகளில் பொருள் நிறைந்தது, வரிசைகள் மறைந்தன, கட்டுக்கடங்காத பணவீக்கம் ஒடுங்கியது என்பவையும் உண்மையே. ஆனால் அந்த நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் வலேசாவுக்கு 40 சதவீதமும், வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த, யாரும் அறிந்திராத தொழிலதிபர் ஸ்தானிஸ்வாஃப் திமின்ஸ்கிக்கு 23 சதவீதமும், பதவியிலிருந்த பிரதமர் மசோவியெட்ஸ்கிக்கு 18 சதவீதமும் கிடைத்தன. அவர் உடனே பதவி விலகினார்.

விலைவாசி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. செக் நாட்டில் வேலையின்மை அந்த அளவுக்கு ஏறவில்லை. அங்கும் அறிவுஜீவிகள் தோற்றார்கள். கட்சிகள் கட்சிக்காரர்களுக்கு, குடிமக்கள் மன்றம் எல்லோருக்கும் என்பது அவர்களுடைய 1990 தேர்தல் முழக்கம். அழகான முழக்கம்தான்; ஆனால் உறுப்பினர் பட்டியல் இல்லாமல், மாவட்டக் கிளைகளின் குரலுக்குத் தலைநகரில் இடமில்லாமல் ஓர் இயக்கம் நெடுநாள் ஓடாது. பொருளியல் அறிஞரும் நிதியமைச்சருமான வாக்லாவ் க்லாவுஸ் இதைப் புரிந்துகொண்டார். அவர் ஊர் ஊராகப் போய்க் கிளைகளைச் சந்தித்து, 1990 அக்டோபரில் மன்றத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டு மன்றம் பிளந்தபோது அமைப்பு அவர் பக்கம் போனது. ஹாவெலின் நண்பர்களும் டீன்ஸ்ட்பியரும் நடத்திய கட்சி 1992 தேர்தலில் 5 சதவீத வரம்பைத் தாண்டாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. அந்தத் தோல்வியோடு செக், ஸ்லோவாக் பகுதிகளின் கூட்டாட்சியைக் காக்கும் முயற்சிகளும் வலுவிழந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஹாவெல் பதவி விலகினார், 1993 ஜனவரி 1 அன்று நாடு செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டானது.

அப்படியானால் அவர்கள் அரசியலுக்கு வந்ததே தவறா?

இல்லை. வந்தபின் அரசியல் வேலையைச் செய்யத் தயங்கியதே தவறு என்பது என் உறுதியான கருத்து. கிளை அமைப்பது, ஒவ்வொரு ஊரிலும் யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்பது, பேரம் பேசுவது, அடுத்த தேர்தலுக்கு ஆள் தயார் செய்வது ஆகியவற்றைத் தங்கள் தகுதிக்குக் குறைந்தவை என்று பலர் நினைத்தார்கள். அதைவிட வருத்தமளிப்பது இன்னொன்று: 1976இல் தொழிலாளியின் வீட்டுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுத்த அதே மனிதர்கள், 1990இல் ஆலை மூடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளியின் கோபத்தைப் பிற்போக்கு என்று எளிதாகப் பெயரிட்டு ஒதுக்கினார்கள்.

குரோன் இதற்கு விலக்கு. மசோவியெட்ஸ்கியின் அரசில் தொழிலாளர் நலத் துறை அமைச்சராக இருந்த அவர், சூட்டும் டையும் அணியாமல், ஜீன்ஸ் சட்டையோடு வாரந்தோறும் தொலைக்காட்சியில் வந்து, என்ன நடக்கிறது, ஏன் வலிக்கிறது, உதவி எங்கே கிடைக்கும் என்று மக்களிடம் நேராகப் பேசினார். ஏழைகளுக்கு வழங்கிய சூப்பையும், பின்னர் வேலையற்றோர் உதவித்தொகையையும் மக்கள் அவருடைய பெயராலேயே அழைத்தார்கள். பிற்காலத்தில், அந்தச் சீர்திருத்தம் யார் முதுகில் ஏறியது என்பதைப் பற்றி வெளிப்படையாகவே கடுமையாக எழுதினார். 2004இல் இறக்கும்வரை அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. சீர்திருத்தம் தேவை என்பதை ஒப்புக்கொண்டே அதனால் இழந்தவர்களின் பக்கம் நிற்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

பழைய ஆட்சியின் உளவாளிகளை என்ன செய்தார்கள்?

இதில் அறிவுஜீவிகளே இரண்டுபட்டார்கள். மசோவியெட்ஸ்கி கடந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையே ஒரு தடித்த கோடு இழுப்பதாகச் சொன்னார். தம் அரசு தன் செயல்களுக்கு மட்டுமே பொறுப்பேற்கும் என்பது அவர் கருத்து. குற்றவாளிகளைத் தப்பவிட்டார் என்ற பழியாக அது பின்னாளில் திரிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1991 அக்டோபரில் முன்னாள் உளவாளிகளையும் கட்சி உயர் பொறுப்பாளர்களையும் அரசுப் பதவிகளிலிருந்து விலக்கும் சட்டம் வந்தது. தனிமனிதரின் குற்றத்தைத் தனித்தனியே ஆராயாத சட்டம் என்று ஹாவெல் தயங்கினார். ஆயினும் கையெழுத்திட்டுவிட்டுத் திருத்தம் கோரினார்.

போலந்தில் 2007இல் பத்திரிகையாளர், பேராசிரியர் உட்பட லட்சக்கணக்கானோர் பழைய உளவுத்துறையோடு தமக்குத் தொடர்பில்லை என்று புதிதாக உறுதிமொழி தரவேண்டும் என்ற சட்டம் வந்தபோது, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கெரெமெக் கையெழுத்திட மறுத்தார். அவர் முன்னரே அத்தகைய உறுதிமொழி தந்தவர்தான். குடிமக்களை மீண்டும் மீண்டும் சந்தேகிக்கும் அரசுக்கு அடிபணிவதில்லை என்பதற்காகவே மறுத்தார். அந்தச் சட்டத்தின் பல பகுதிகளை அரசியல் சாசன நீதிமன்றம் மே மாதம் ரத்து செய்தது.

அறிவுஜீவிகள் எல்லோரும் ஜனநாயகத்தின் பக்கம்தான் நின்றார்களா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் பாதி வரலாறே. யூகோஸ்லாவியாவில் வெறுப்புக்கு மொழி அமைத்துக் கொடுத்தவர்களில் படித்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். செர்பிய அறிவியல் கலைக் கழகத்தின் உறுப்பினர்கள் தயாரித்து 1986இல் கசிந்த அறிக்கை, செர்பியர்கள் எங்கும் வஞ்சிக்கப்படுகிறார்கள் என்ற எண்ணத்துக்குக் கல்விசார் மதிப்பைக் கொடுத்தது. நாவலாசிரியர் தோப்ரித்சா சோசிச் 1992இல் எஞ்சிய யூகோஸ்லாவியாவின் (செர்பியாவும் மாண்டினீக்ரோவும்) குடியரசுத் தலைவரானார். போஸ்னிய செர்பியத் தலைவர் ராடோவான் கராஜிச் கவிதை எழுதிய மனநல மருத்துவர்; அவருக்குத் துணையாக இருந்த நிகோலா கோலியெவிச் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர், பில்யானா பிளாவ்சிச் உயிரியல் பேராசிரியை. ஷேக்ஸ்பியரைப் போதித்தவர் தலைமையில் பங்கு வகித்த அதே காலத்தில், 1992 ஆகஸ்டில், போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் தேசிய நூலகம் பீரங்கிக் குண்டுகளால் எரிந்தது. 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த இனப்படுகொலைக்காகக் கராஜிச் 2016இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது.

அதே போஸ்னியாவில்தான் மசோவியெட்ஸ்கியை மீண்டும் சந்திக்கிறோம். 1992 முதல் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் சிறப்பு அறிக்கையாளராக அங்கே நடந்தவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். ஐ.நா. பாதுகாப்புப் பகுதிகள் என்று அறிவித்த ஸ்ரெப்ரெனிட்சாவும் ஜெபாவும் வீழ்ந்தபோது, பாதுகாப்பதாக வாக்களித்துவிட்டுக் கைவிட்ட அமைப்பின் பெயரால் இனியும் அறிக்கை எழுத முடியாது என்று 1995 ஜூலை 27 அன்று பதவி விலகினார். தம்மை அனுப்பியவர்களையே குற்றம் சாட்டிய அந்தக் கடிதம், அவர் பிரதமராகச் செய்த எதற்கும் குறைந்ததன்று என்பது என் மதிப்பீடு.

கிழக்கு ஜெர்மனியில் என்ன நடந்தது?

1989 நவம்பர் 4 அன்று பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் பல லட்சம் பேர் முன்னிலையில் எழுத்தாளர்கள் கிறிஸ்டா வோல்ஃபும் ஸ்டெஃபான் ஹைமும் பேசினார்கள். சீர்திருத்தப்பட்ட சோசலிச நாடு ஒன்று அவர்கள் கனவு. ஐந்து நாளில் சுவர் திறந்தது, மக்கள் ஒன்றுபட்ட ஜெர்மனியைக் கேட்டார்கள். 1990 மார்ச் 18 தேர்தலில் எதிர்ப்பியக்கத்தினரின் கூட்டணிக்கு 2.9 சதவீத வாக்குகளே கிடைத்தன.

ஹாவெலுக்கும் க்லாவுசுக்கும் இடையே நடந்த விவாதம் எதைப் பற்றியது?

தேர்தல்களுக்கு இடையில் குடிமக்களுக்கு என்ன வேலை என்பதைப் பற்றியது. செக் குடியரசின் தலைவராக 1993 முதல் 2003 வரை இருந்த ஹாவெல், சங்கங்களும் அறக்கட்டளைகளும் உள்ளூர் அமைப்புகளும் வலுவாக இல்லாத ஜனநாயகம் ஊழலுக்கு இரையாகும் என்றார். பிரதமர் க்லாவுஸ், யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள் பொதுநலத்தின் பெயரால் பேசுவது ஆபத்து, கட்சிகளும் சந்தையும் போதும் என்றார். க்லாவுசின் எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஆனால் 1997 இறுதியில் அவருடைய அரசு கட்சி நிதி முறைகேட்டால் கவிழ்ந்தபோது ஹாவெல் சொன்னதே கண்முன் நடந்தது. அதே ஹாவெல் 2003 ஜனவரியில் ஈராக் விஷயத்தில் அமெரிக்காவை ஆதரித்து எட்டு ஐரோப்பியத் தலைவர்கள் வெளியிட்ட கடிதத்தில் கையெழுத்திட்டார். அதிகாரத்தின் பொய்யை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர் அந்தப் போருக்கான வாதங்களை அதே கண்ணால் ஆராயவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த அறிவுஜீவிகளின் கட்சிகள் இப்போது எங்கே?

போலந்தில் மசோவியெட்ஸ்கி, கெரெமெக், குரோன் ஆகியோரின் கட்சி கெரெமெக் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில் நாட்டை நேட்டோவில் சேர்த்தது. 2001 தேர்தலில் 5 சதவீதத்தை எட்டாமல் நாடாளுமன்றத்தை இழந்தது.

ஹங்கேரியில் தத்துவவாதி யானோஷ் கிஷ் முதலியோர் 1988இல் தொடங்கிய சுதந்திர ஜனநாயகக் கட்சி, 1994இல் முன்னாள் கம்யூனிஸ்டுகளின் சோசலிஸ்டுக் கட்சியோடு கூட்டணி சேர்ந்தது. 2002இல் அந்தக் கூட்டணியின் பிரதமர் மெட்ஜெஷி பழைய ஆட்சியின் எதிர்-உளவுத்துறையில் பணியாற்றியவர் என்பது வெளிவந்த பின்னும் கட்சி அவரை ஆதரித்ததால், கிஷ் தாம் உருவாக்கிய கட்சியை விட்டு விலகினார். 2010இல் அந்தக் கட்சி நாடாளுமன்றத்திலிருந்தே மறைந்தது. 1989இல் சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று மேடையில் முழங்கிய சட்டம் படித்த இளைஞர் விக்தோர் ஒர்பான் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தார். கிஷ் கற்பித்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், 2017இல் ஒர்பானின் அரசு கொண்டுவந்த சட்டத்தால் தன் அமெரிக்கப் பட்டப் படிப்புகளைப் புடாபெஸ்ட்டில் நடத்த முடியாமல் போக, 2019இல் அவற்றை வியன்னாவுக்கு மாற்றிக்கொண்டது.